தாமதித்தது யார்?

சென்ற ஆண்டு தை மாதம். தவக்காலம் தொடங்குமுன் மகளுக்கு மணம் முடித்துவிட வேண்டுமென்ற விரைவில், ஒரு தாயும் தந்தையும் காலை எட்டு மணிக்கே நமது பங்கு அலுவலக வாசலில் வந்து நின்றனர். மகளின் திருமுழுக்குச் சான்றிதழைப் பெற்று, ஒன்பது மணிப் பேருந்தைப் பிடித்து, மணமகனின் பங்கில் ஓலை கொடுக்க வேண்டும். உபதேசியார் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தார். திரையில் சிறு வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. சான்றிதழ் அச்சாகி வெளிவருமுன் பேருந்து போய்விட்டது.

அவ்வேளையில் அங்கு வந்த நாம், நடந்ததை விசாரியாமலே, "உபதேசியாரே, வரவர உம்முடைய கை மந்தமாகிவிட்டது" என்று அவர்கள் எதிரிலேயே கூறிவிட்டோம். இருபத்திரண்டு ஆண்டுகளாக இப்பங்கில் உழைத்துவரும் அவர், "சரி, சாமி" என்று மட்டும் சொல்லி, தாளை நம் கையொப்பத்திற்கு நீட்டினார். மறுநாள் மாலை அலுவலகச் சாவியை நம் மேசைமேல் வைத்தார். "இளவயதினர் யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள், சாமி. எனக்கு வயதாகிவிட்டது."

சாவியை நாம் ஏற்கவில்லை. ஒரு வாரம் பொறுத்திருக்கச் சொல்லி, அடுத்த நாள் காலையில் நாமே அவருடைய இருக்கையில் அமர்ந்தோம். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கணினியின் பொத்தானை அழுத்தினோம். கடவுச்சொல் கேட்க மூன்று நிமிடம். அதன்பின் பதிவேடு திறக்க எட்டு நிமிடம். பதினொரு நிமிடங்கள் நாமும் கைகட்டிக் காத்திருந்தோம். நமக்கெனத் தனிக் கணினி ஒன்று அறையில் இருப்பதால், இதனை நாம் தொட்டே ஓராண்டிற்கு மேலாகியிருந்தது.

கணினிப் பொறியியல் பயிலும் நம் பங்கு இளைஞர் ஒருவரை அழைத்தோம். வந்தவர் கணினியைத் தொடவில்லை. "சாமி, பதிவேட்டுப் படங்களுக்கு வேறு நகல் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. திருமுழுக்குப் பதிவேடுகளைப் பேணிக் காப்பது பங்கின் கடமை என 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 535ஆம் சட்டத்தில் விதிக்கின்றது. ஏடுகள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. ஆயினும் அவற்றை ஏடு ஏடாகப் படம்பிடித்து, பெயர்வாரியாக வரிசைப்படுத்திய உபதேசியாரின் மூன்றாண்டு உழைப்பு முழுவதும் இந்த ஒரே பெட்டிக்குள்தான் கிடந்தது. மெதுவாகத் தொடங்குவது, ஹார்ட் டிஸ்க் பழுதாகி வருவதன் அறிகுறியாகவும் இருக்கலாமாம். ஆதலின் அன்றிரவு முழுவதும் நகலெடுக்கும் வேலையே நடந்தது.

மறுநாள் அவர் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினார். டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதில் ஸ்டார்ட்டப் என்னும் பக்கத்தில், கணினி விழிக்கும்போதே தாமும் எழுந்துகொள்ளும் நிரல்கள் பதினேழு வரிசையாக நின்றன. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் இணையவழிக் கூட்டங்களுக்கென நிறுவியவை மூன்று. பழைய அச்சு இயந்திரத்துடன் வந்தது ஒன்று. இயந்திரம் போய்விட்டது, நிரல் தங்கிவிட்டது. ஆன்டிவைரஸ் இரண்டு, ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் தனித்தனியே சோதித்துக்கொண்டிருந்தன. இவற்றையெல்லாம் குடியேற்றியவர் யார் என்று இளைஞர் கேட்டார். உபதேசியார் நிலத்தைப் பார்த்தார். அத்தனையும் நாம் நிறுவியவையே.

ஓர் ஆன்டிவைரஸை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினோம். அன்றாடம் வேண்டாதவற்றிற்கு டிசேபிள் கொடுத்தோம். இதனால் அந்நிரல்கள் அழிந்துபோவதில்லை. நாம் அழைக்கும்போது வரும், அழையாதபோது வாரா.

அதே டாஸ்க் மேனேஜரில் மற்றொரு வியப்பு காத்திருந்தது. கணினி நாற்பத்தொரு நாட்களாக ஓய்வின்றி இயங்குவதாக அது காட்டியது. நாள்தோறும் மாலையில் உபதேசியார் அதனை முறையாக அணைத்துத்தான் செல்வார். 2012ஆம் ஆண்டு விண்டோஸ் 8 வெளிவந்தது முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்னும் ஏற்பாடே இதற்குக் காரணம். 'ஷட் டவுன்' கொடுத்தாலும், இயங்குதளத்தின் மையப் பகுதி தன் நிலையை வட்டில் எழுதிவைத்து, காலையில் அதையே மீண்டும் எடுத்துக்கொள்கிறது. விரைவுக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் நேற்றைய சிக்கலும் அதனுடன் தங்கிவிடலாம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை அவ்வாறு செய்வது நலம்.

இவ்வளவும் செய்தபின் பதினொன்று ஆறாயிற்று. எஞ்சிய ஆறுக்குக் காரணம் ஹார்ட் டிஸ்க். தொடங்கும் நேரம் முழுவதும் அதன் உழைப்பு நூறு விழுக்காடு என்றே திரை காட்டியது. அதனுள் ஒரு தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு முள் அங்குமிங்கும் நகர்ந்து வேண்டியதைத் தேடுகிறது. ஒரு தேடலுக்கு நொடியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு போதும் என்றாலும், தொடக்கத்தில் தேட வேண்டிய சிறு கோப்புகளோ ஆயிரக்கணக்கில்! எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகை வட்டில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. அதனை வாங்கிப் பொருத்தினோம். புதுக் கணினி விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இப்போது அரை நிமிடத்திற்குள் கணினி வேலைக்கு ஆயத்தமாகிவிடுகிறது.

பின்னரே நாம் உபதேசியாரிடம் வாய் திறந்து கேட்டோம்: "இத்தனை நாள் மக்களைக் காக்கவைக்காமல் எப்படிச் சமாளித்தீர்?"

"ஏழேகால் மணிக்கே வந்து கணினியைத் திறந்து வைத்துவிடுவேன், சாமி."

"அந்தச் சனிக்கிழமை ஏன் வரவில்லை?"

சற்றுத் தயங்கினார். "அன்று விடியற்காலையில் நீங்கள்தானே சாமி, நோயாளி வீட்டுக்கு என்னை அனுப்பினீர்கள்?"

நமக்கு மறுமொழி இல்லை. கணினி மெதுவாக இருப்பதாக அவர் இருமுறை சொன்னதும், "பொறுமை வேண்டும்" என்று நாம் போதித்ததும் அப்போது நினைவிற்கு வந்தன.

மறுவாரம் அந்தத் தாயும் தந்தையும் திருமண அழைப்பிதழுடன் வந்தனர். உபதேசியாரை அருகில் அழைத்து, அவர்கள் முன்னிலையில் கூறிய சொல்லை அவர்கள் முன்னிலையிலேயே திரும்பப் பெற்று, மன்னிப்பு வேண்டினோம். "போகட்டும் சாமி" என்று சொல்லி அச்சிட அமர்ந்துவிட்டார். அலுவலகச் சாவி இன்றும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது.

இல்லத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக் கணினியில் வேலை தாமதமானால், அதன்முன் அமர்ந்திருக்கும் பிள்ளையையோ துணைவியையோ கடிந்துகொள்ளுமுன், ஒருமுறை அந்த இருக்கையில் நீங்களே அமர்ந்து கடிகாரத்தைப் பாருங்கள். கோப்புகளுக்கு நகல் எடுங்கள். பின்னர் அந்தப் பட்டியலைத் திறந்து, அதில் இருப்பவற்றை அழைத்தது யாரென்று பாருங்கள். ஒருவேளை நம்மைப் போல் நீங்களாகவே இருக்கலாம்.