பின்விளக்கைப் பார்க்கிறவர் யார்?



முடிச்சூர் சாலையில் மாலை ஆறு மணிக்குமேல் இருசக்கர வாகனத்தில் செல்கிறவர்களுக்கு, லாரியின் விளக்குகளை வாசிக்கும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை ஏறக்குறைய 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை நம் பகுதியைத் தொட்டுச் செல்வதால், ஜல்லியும் செங்கலும் ஏற்றிய லாரிகளோடுதான் நாம் தினமும் சாலையைப் பகிர்ந்துகொள்கிறோம். அவற்றின் மஞ்சள் விளக்கு எந்தப் பக்கம் சிமிட்டுகிறது என்பதை நம்பியே நம் பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். அந்தச் சிறிய விளக்கைக் குறித்து இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

நம் சபையின் சகோதரர் ஒருவர் பழைய லாரி ஒன்றைச் சொந்தமாக ஓட்டிப் பிழைக்கிறார். சில வாரங்களுக்கு முன், இடப்புறத் தெருவுக்குள் அவர் வண்டியைத் திருப்பியபோது, பக்கவாட்டில் வந்துகொண்டிருந்த ஒரு மாணவி பம்பரில் உரசிக் கீழே விழுந்தாள். மணிக்கட்டில் முறிவு; உயிருக்கு ஆபத்தில்லை. சகோதரர் இரவெல்லாம் தூங்கவில்லை. "இண்டிகேட்டர் போட்டேன் ஐயா, டிக் டிக்குன்னு சத்தம் என் காதுல கேட்டுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. விளக்கைப் போட்டிருந்தார்; சத்தமும் கேட்டது. ஆனால் அந்த மாணவியின் கண்ணுக்குத் தெரியவேண்டிய முன்பக்க இடது விளக்கு எரியவில்லை.

மறுநாள் அவருக்குத் துணையாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்குச் சென்றேன். அங்கே கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

இண்டிகேட்டரைச் சிமிட்டச் செய்வது ஃபிளாஷர் என்னும் சிறிய டப்பா. பழைய லாரிகளில் அது வெப்பத்தால் இயங்கியது. விளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டமே உள்ளிருக்கும் உலோகத் தகட்டைச் சூடாக்கும். சூடான தகடு வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் சேரும். இந்த ஏற்றத் தாழ்வுதான் சிமிட்டல். ஒரு பல்பு கெட்டால் மின்னோட்டம் குறையும். தகடு போதிய அளவு சூடாகாது. விளக்கு சிமிட்டாமல் எரிந்தபடியே நிற்கும், அல்லது அதன் தாளம் மாறிவிடும். பின்னர் வந்த மின்னணு ஃபிளாஷர் இதையே வேறு விதமாகச் செய்கிறது. மின்னோட்டம் குறைந்ததை உணர்ந்தவுடன் சிமிட்டலின் வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்டவேண்டும் என்கின்றன. அதற்குமேல் படபடவென்று அடித்தால், ஏதோ ஒரு விளக்கு அணைந்துவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

இதில் ஒரு ஞானம் இருக்கிறது. ஓட்டுநர் தம் வண்டியின் பின்விளக்கை ஒருபோதும் பார்ப்பதில்லை. அது மற்றவர்களின் கண்களுக்காக மாட்டப்பட்டது. அவர் பார்க்க முடியாததை அவருக்குச் சொல்வதற்காகவே சிமிட்டலின் வேகம் மாறுகிறது.

அப்படியானால் நம் சகோதரருக்கு ஏன் தெரியவில்லை? இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் பின்பக்க பல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தியிருந்தார். 12 வோல்ட் வண்டியில் 21 வாட் பல்பு ஒன்று 1.75 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும்; எல்.இ.டி.க்கோ அதில் மிகச் சிறிய பங்கே போதும். ஆகவே பல்பு கெட்டதாகவே ஃபிளாஷர் எண்ணிக்கொண்டு அன்று முதல் வேகமாக அடித்தது. "எல்.இ.டி. போட்டா அப்படித்தான்" என்று யாரோ சொல்ல, அவரும் பழகிப்போனார். பின்பு முன்பக்க விளக்கின் ஹோல்டரில் எர்த் துருப்பிடித்து உண்மையாகவே விளக்கு அணைந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் நம் பகுதியில் துரு எவ்வளவு அமைதியாக வேலை செய்யும் என்பதை, 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னார்: "அண்ணே, வேகமா அடிச்சா பல்பு போயிருக்குன்னு அர்த்தம். ரெண்டு வருஷமா அதைக் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. நிஜமாவே ஒண்ணு போனப்ப அது வேற எப்படிச் சொல்லும்?"

பிரியமானவர்களே, அந்தக் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. ஓயாமல் ஒலிக்கும் எச்சரிக்கை எச்சரிக்கையாக இருப்பதில்லை. நம் இல்லங்களிலும் இப்படி நடக்கிறது. "அவர் கோபம் அப்படித்தான்", "அவள் அழுகை அப்படித்தான்", "பையன் சில மாதமாகவே பேசமாட்டான்" என்று பழகிவிடுகிறோம். உள்ளே உண்மையாகவே ஒரு விளக்கு அணையும்போது அதை அறிந்துகொள்ளும் வழியை நாமே அடைத்திருக்கிறோம்.

வேகத்தைக் குறைப்பதற்கு எளிய வழிகளும் உண்டு. எல்.இ.டி.யோடு ஒரு ரெசிஸ்டரை இணைத்தால் ஃபிளாஷர் ஏமாந்து, பழைய தாளத்துக்குத் திரும்பும். ஆனால் பின்னொரு நாள் அந்த எல்.இ.டி. அணைந்தாலும் ரெசிஸ்டர் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சிமிட்டல் சீராகவே தோன்றும். எத்தனை விளக்கு இருந்தாலும் ஒரே வேகத்தில் அடிக்கும் ஹெவி டியூட்டி ஃபிளாஷர்களும் உண்டு. டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு அவை தேவை. ஆனால் பல்பு ஒன்று அணைந்தால் அவையும் வாய் திறப்பதில்லை. சத்தம் சீரானதால் விளக்கு எரிகிறது என்று ஆகிவிடாது. மனச்சாட்சியின் படபடப்பை மட்டும் அடக்கிவிட்டு, அதன் காரணத்தை அப்படியே விட்டுவிடுகிற சமாதானமும் இத்தகையதே.

முன்நாட்களில் லாரியில் ஒரு கிளீனர் இருப்பார். புறப்படுமுன் வண்டியைச் சுற்றிவந்து, பின்னால் நின்று, "எரியுது அண்ணே" என்று குரல் கொடுப்பார். தனியாக ஓட்டுகிற நம் சகோதரருக்கு அப்படி ஒருவர் இல்லை. சபை என்பது ஒருவருக்கொருவர் அந்தக் குரலாக இருப்பதுதான் என்று நான் நம்புகிறேன். நம் முகத்தை நாம் கண்ணாடியில் பார்க்கலாம். நம் பின்விளக்கைப் பிறர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். சொல்கிறவருக்கு அன்பு வேண்டும். கேட்கிறவருக்குத் தாழ்மை வேண்டும்.

சகோதரர் பின்பக்கத்துக்குப் பழைய பல்புகளையே மீண்டும் போட்டுக்கொண்டார்; துருவைச் சுரண்டி எர்த்தைச் சரிசெய்தார். மாணவியின் வீட்டுக்குச் சென்று நடந்ததை மறைக்காமல் சொல்லி, மருத்துவச் செலவையும் ஏற்றுக்கொண்டார்.

இந்த வாரம் உங்களிடம் நான் கேட்பது இரண்டு. உங்கள் வாகனத்தின் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, வீட்டிலுள்ள ஒருவரைப் பின்னால் நிற்கச் செய்து, எரிகிறதா என்று கேளுங்கள். அதன்பின், உங்களை நன்றாக அறிந்த ஒருவரிடம், "நான் அறியாமல் என்னில் அணைந்திருப்பது ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வர நேரமாகலாம். பொறுமையோடு காத்திருங்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக.