ஆமைத் தொட்டி குசினிக்குள் வேண்டாம்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் மூத்தோர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஆமையின் தொட்டி குசினிக்குள் புகுந்தால் நோயும் கூடவே புகலாம்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் வளரும் நம் பிள்ளைகளுக்கு முற்றமில்லை, ஆடு கோழியுமில்லை. கடையில் வாங்கிய, காதோரம் சிவப்புக் கோடுள்ள குட்டி ஆமைதான் சிலருக்குத் தோழன். 2009இல் எல்லாவற்றையும் இழந்து வன்னியிலிருந்து வந்த ஓர் அம்மா, பேரனின் ஆமைத் தொட்டியைப் பாத்திரம் கழுவும் இடத்திலேயே கழுவி வந்தார். வீட்டில் தவழும் குழந்தையும் உண்டு. குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்ததும், "பிள்ளை, இதைக் கொண்டுபோய் வாய்க்காலில விடட்டோ?" என்று கேட்டார். பேரன் அழுதான்.

நோய் ஆமையால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நல்ல சுகமாகத் தெரியும் ஆமையின் குடலிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். அது மலத்தோடு தண்ணீரில் கலந்து, கை வழியாக வாய்க்குப் போகும். இதனால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளின் விற்பனையை 1975இல் தடைசெய்தார்கள். வாய்க்காலில் விடுவதும் சரியல்ல. அது வெளிநாட்டு இனம். நம் நீர்நிலை உயிர்களுக்குக் கேடு.

அந்த அம்மாவுக்கு நான் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. மீளக்குடியேறிய இடத்தில் கிணற்றை இறைத்துச் சேறு அகற்றிய பிறகே கிளோரின் போட்டதை அவர் கண்டவர். தொட்டிக்கும் அதே முறைதான். அழுக்கு இருந்தால் கிளோரின் வேலை செய்யாது.

முதலில் ஆமையைத் தனி வாளிக்கு மாற்றுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, அழுக்குத் தண்ணீரை மலசலகூடத்தில் ஊற்றுங்கள். குசினிக்குக் கொண்டுபோகாத பிரஷ்ஷால் தொட்டியையும் கற்களையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பின்பு ஒரு லீட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீட்டு பிளீச் (5 வீதம்) கலந்து, 10 நிமிடம் ஊறவிடுங்கள். மணம் போகும்வரை அலசி, நன்றாகக் காயவிட்ட பிறகே ஆமையை விடுங்கள். கழுவிய இடத்தையும் அதே கலவையால் துடையுங்கள். யன்னலைத் திறந்து வையுங்கள். பிளீச்சோடு வினாகிரியையோ மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ அமோனியா உள்ள திரவத்தையோ ஒருபோதும் கலக்க வேண்டாம். நச்சு வாயு எழும்.

இறுதியில் சவர்க்காரத்தால் 20 விநாடி கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், முதியோர், நோயாளிகள் ஆமையையோ தொட்டியையோ தொடாதிருப்பது நல்லது. அந்த வீட்டில் இப்போது தொட்டி கழுவுவது மருமகனின் வேலை. துப்புரவு பெண்ணுக்கு மட்டும் எழுதி வைத்த வேலையல்லவே.

இழப்புகளையே கண்ட வீட்டில் ஒரு பிள்ளையின் சிறு துணையையும் பறிக்கத் தேவையில்லை. தனி வாளி, தனி பிரஷ், கொஞ்சம் சவர்க்காரம், கொஞ்சம் பிளீச் போதும்.