1977: சாவும் தேர்தலும் தீயும்

இலங்கை போன்ற சிறிய நாடொன்றில் ஓராண்டுக்குள் எவ்வளவு நிகழ்ந்துவிட முடியும் என்று எவரேனும் கேட்டால், பலரும் 1983ஐயே சுட்டுவர். நான் 1977ஐச் சுட்டுவேன். பத்திரிகைத் தொழிலில் அப்பொழுதுதான் காலூன்றத் தொடங்கியிருந்தேன் என்பதனால் வந்த பற்று மட்டும் இதற்குக் காரணமன்று. பின்னர் வந்த கேடுகள் பலவற்றின் முகங்களை யாழ்ப்பாணம் அந்த ஆண்டிலேயே பார்த்துவிட்டது.

கதையை முந்திய ஆண்டின் நீதிமன்றத்திலிருந்து தொடங்க வேண்டும். 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. அது தொடர்பான துண்டுப் பிரசுரங்களை விநியோகித்தமைக்காக அ. அமிர்தலிங்கமும் வேறு சிலரும் கைதாகி, யூரிகள் இன்றி மூன்று நீதிபதிகள் விசாரிக்கும் 'ட்ரயல் அட் பார்' மன்றின் முன் நிறுத்தப்பட்டனர். அவர்களுக்காகத் தோன்றிய பெருந்தொகையான சட்டத்தரணிகளுள் மூத்தவர் மூவர்: எஸ். ஜே. வி. செல்வநாயகம், ஜீ. ஜீ. பொன்னம்பலம், மு. திருச்செல்வம்.

முதலிருவரும் ஒரே பக்கத்தில் எழுந்து நின்றது சாதாரண செய்தியன்று. மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன விவகாரத்தில் பிரிந்தவர்கள் அவர்கள். பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் அமர்ந்தார். செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அதன் பின்னர் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம் யாழ்ப்பாணத்து வீடுகளில் தகப்பன் காங்கிரஸ், மகன் தமிழரசு என்று ஒருவரோடொருவர் முகம் கொடாமல் உண்டெழுந்த கதைகள் ஏராளம். அந்தப் பகை நீதிமன்றத்தில் முடிந்தது. ஆனால், முடிந்த வேகத்திலேயே மூவரும் விடைபெற்றனர். 1976 நவம்பரில் திருச்செல்வம். 1977 பெப்ரவரி 9இல் மலேசியாவில் பொன்னம்பலம். ஏப்ரல் 26இல் செல்வநாயகம். ஆறு மாதத்துள் மூன்று சாவு.

பொன்னம்பலத்தின் நாவன்மையை நேரில் கேட்டவர்கள் இன்று அருகிவிட்டனர். செல்வநாயகமோ பேச்சாளரே அல்லர். நடுக்கு நோயும் செவிப்புலன் குறையும் வாட்டிய இறுதி ஆண்டுகளில் அவருடைய குரல் மேடையின் முன்வரிசைக்கே எட்டாது. அந்த மனிதருக்காக யாழ்ப்பாணம் முழுவதும் வாழை நட்டுக் கறுப்புக் கொடி கட்டியது. கிறிஸ்தவராகப் பிறந்து கிறிஸ்தவராகவே வாழ்ந்த அவருடைய பூதவுடல் முற்றவெளியில் தகனம் செய்யப்பட்டது. அச்சுக்கோப்பாளர்கள் அன்றிரவு பெட்டியில் இருந்த மிகப் பெரிய ஈய எழுத்துக்களைத் தேடியெடுத்துத் தலைப்புக் கோத்தனர். எவரும் வீட்டுக்குப் போக அவசரப்படவில்லை.

தமிழரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதாக ஒரு வாசகத்தை இன்றும் சிலர் கேலியாக எடுத்தாளுகின்றனர். பண்டாரநாயக்கவுடனும் டட்லியுடனும் ஒப்பந்தம் செய்து, 1957இலும் 1965இலும் கையொப்பமிட்டு, இரண்டும் நிறைவேறாமற் போனதைப் பார்த்த ஒருவருடைய சலிப்பு அது. கேலிக்கு அதில் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

யூலை 21இல் பொதுத் தேர்தல். 168 ஆசனங்களில் 140ஐ ஐக்கிய தேசியக் கட்சி அள்ளியது. எட்டு ஆசனங்களுக்குச் சுருங்கிப்போனது சிறீமாவோவின் கட்சி. இடதுசாரிகள் ஒருவர்கூட இல்லை. வடக்கின் 14 தொகுதிகளையும் கிழக்கில் நான்கையும் வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணி பிரதான எதிர்க்கட்சியாகிவிட்டது. தனிநாட்டுக்கு ஆணை கேட்டு வென்றவர்கள் அதே நாட்டின் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் ஆசனத்தை ஏற்ற விசித்திரத்தை அப்பொழுதே இளைஞர்கள் சிலர் முகத்துக்கு நேரே கேட்டனர். பெரியவர் இருந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நான் பல தடவை எண்ணியதுண்டு. கேட்கத் துணிந்திருப்பார்களா என்பதே என் ஐயம். அமிர்தலிங்கத்திடம் துணிந்தனர்.

யாழ்ப்பாணத் தொகுதியில் பொன்னம்பலத்தின் மகன் குமார் சுயேச்சையாக நின்று வெ. யோகேஸ்வரனிடம் தோற்றார். வென்றவரும் அமிர்தலிங்கமும் 1989 யூலை 13இல் கொழும்பில் சுடப்பட்டனர். தோற்றவர் 2000 ஜனவரி 5இல் அதே கொழும்பில் சுடப்பட்டார். சுட்டவர்கள்தாம் வேறு வேறு.

தேர்தல் முடிந்து நான்கு வாரம் ஆகவில்லை. ஓகஸ்ட் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நடந்த கார்னிவலுக்குள் அனுமதிச் சீட்டின்றி நுழைய முற்பட்ட பொலிஸாருக்கும் மக்களுக்கும் மூண்ட கைகலப்பு, மறுநாள் பழைய சந்தை தீப்பற்றி எரிவதில் வந்து நின்றது. வதந்தி தெற்கே ரயிலைவிட விரைவாகச் சென்றது. அநுராதபுரத்தில், கொழும்பில், மலையகத்தில் தமிழர் தாக்கப்பட்டனர். பாராளுமன்றத்தில் ஜே. ஆர். ஜயவர்த்தன ஆற்றிய உரை தமிழர் காதில் 'போர் என்றால் போர், சமாதானம் என்றால் சமாதானம்' என்றே பதிந்தது. ஒரு பிரதமருக்கு அந்த வேளையில் வேறு சொற்கள் கிடைத்திருக்க வேண்டும். விசாரிக்க முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி நியமிக்கப்பட்டார். அவருடைய அறிக்கை 1980இல் வெளிவந்தபோது பயங்கரவாதத் தடைச் சட்டம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது.

இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்ததும் அவ்வாண்டின் இறுதியிலேதான். இதனைப் பத்திரிகைகளின் முதற்பக்கம் பெரிதாகக் கவனிக்கவில்லை என்பது என் குறை. எழுபதுகளின் முற்பகுதியில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராத காலத்தில் வலிகாமத்துச் செம்மண் பொன் விளைந்தது. மிளகாய்க் காசில் கல்வீடு கட்டியவர்களையும் விசுவமடுவில் காடு வெட்டித் தோட்டம் செய்து தலைநிமிர்ந்த படித்த வாலிபர்களையும் நானறிவேன். தரப்படுத்தலால் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்ட தலைமுறைக்கு அந்தத் தோட்டம் ஒரு மறுவழி. திறந்த பொருளாதாரம் வந்ததும் அதுவும் ஒடுங்கியது.

ஓகஸ்ட் வன்செயலில் அடிபட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்தன. செல்வநாயகமும் பொன்னம்பலமும் எவர் பொருட்டுப் பிரிந்தார்களோ, அதே மக்கள். யாழ்ப்பாணத்தார் தம் தோட்டங்களில் அவர்களுக்குக் கூலி வேலை கொடுத்தனர். கிணற்றடியில் எல்லாரும் இடம் கொடுத்தனர் என்று சொல்ல என்னால் இயலாது. காட்டோரத்துக் குடிசைகளில் அமர்ந்த அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் 2009இன் இறுதிப் போர்வரை மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். அவர்களுள் பலருக்குத் தாம் குடியிருக்கும் காணிக்கு இன்றும் உறுதி இல்லை.