பேசாமலிருக்கும் வசதி

அமெரிக்காவில் ஊபர் பிளாக் என்ற உயர்வகை வண்டியைப் பதிவு செய்தால், ஓட்டுநர் பேச்சுக் கொடுக்கலாமா, அமைதி வேண்டுமா என்று செயலி கேட்கும். 2019 மே மாதம் இதைக் கொண்டுவந்தபோது பணக்காரத் திமிர் என்று பலர் கண்டித்தார்கள். எனக்கோ அது பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்த பொத்தானாகத் தெரிந்தது.

"மேடம் ஒத்தையாவா போறீங்க? சார் வரலையா? பசங்க எத்தனை?" ஆட்டோவிலும் டாக்சியிலும் இந்தக் கேள்விகளோடு வளர்ந்தவர்கள் நாம். பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும். சொல்லாவிட்டால் கண்ணாடி வழியாக ஒரு பார்வை வரும். எனக்கு ஒரு வழி உண்டு. இல்லாத கணவருக்குப் போன் போட்டு, "டோல்கேட் தாண்டிட்டேங்க, வாசல்ல நில்லுங்க" என்று அணைந்த திரையிடம் சொல்வேன். தோழிகளில் பாதிப்பேர் இதைச் செய்கிறார்கள். ஒருத்தி அண்ணனைப் போலீஸில் சேர்த்துவிட்டாள்; அவளுக்கு அண்ணனே கிடையாது. தமிழ்ப் பெண்கள் அதிகம் படைத்த புனைவு இதுவாகத்தான் இருக்கும், எந்த இலக்கிய வரலாற்றிலும் ஏறாவிட்டாலும்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கருத்தரங்கு. சான் பிரான்சிஸ்கோவில் என் விமானம் இறங்கியபோது இரவு பத்தரை தாண்டியிருந்தது. பார்ட் ரயில் விமான நிலையத்துக்குள்ளேயே வந்து நிற்கும், உண்மைதான். ஆனால் நள்ளிரவோடு ஓட்டம் நின்றுவிடும். குடிவரவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு எல்லாம் முடித்துக் கடைசி வண்டியைப் பிடித்தாலும், வழியில் மாறி ஏறி, நடுநிசியில் பெட்டியை உருட்டிக்கொண்டு அறியாத தெருவில் விடுதியைத் தேட வேண்டும். ஊரிலிருந்தே உயர்வகை வண்டியைப் பதிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஏறுவதற்கு முன் ஓட்டுநரிடம், யாரை ஏற்ற வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நம் பெயரை நாம் சொல்லக் கூடாது, அவர் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சில் தென் கரோலினாவில் ஒரு கல்லூரி மாணவி, தான் அழைத்த வண்டி என்று நினைத்து வேறொன்றில் ஏறிக் கொல்லப்பட்டாள். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியை அங்கே பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அவர் என் பெயரைத் தப்பும் தவறுமாக உச்சரித்தார். போதும், ஏறிக்கொண்டேன்.

ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பே பாலத்தின் விளக்குகள் வந்து போயின. காலையில் வாசிக்க வேண்டிய கட்டுரையின் முதல் பத்தியை மனதுக்குள் மாற்றி எழுதினேன். பின்னிரவில், தெரியாத ஆண் ஓட்டும் வண்டியில், யோசனை கட்டுரையைப் பற்றியதாக இருந்தது எனக்கு அதுவே முதல்முறை.

காசு கூடினால் ஆபத்து குறையும் என்று சொல்ல வரவில்லை. 2017, 2018 ஆகிய இரண்டு வருடங்களில் அமெரிக்காவில் மட்டும் 5,981 பாலியல் தாக்குதல் புகார்கள் வந்ததாக ஊபரே 2019 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் பாதிக்கப்பட்டவர்களாக ஓட்டுநர்களும் உண்டு. பயணத்தின் தடத்தைத் தங்கைக்கு அனுப்பும் வசதி சாதாரண வண்டியிலும் இருக்கிறது. கூடுதலாகக் கிடைப்பது வாடகைக் கார் தொழிலுக்கான உரிமம் பெற்ற ஓட்டுநர், நல்ல வண்டி, அப்புறம் அந்த அமைதி. அந்த அமைதியும் இன்னொருவர் வாயைக் கட்டித்தான் வருகிறது. நட்சத்திர மதிப்பெண்ணுக்குப் பயந்து அவர் பேசாமலிருக்கிறார். அதே இரவில் விமான நிலையக் கழிப்பறையைத் துடைத்துவிட்டுக் கடைசி ரயிலுக்கு ஓடும் பெண்ணுக்கு இதில் எதுவும் இல்லை. பெண் ஓட்டுநரைக் கேட்டுப் பெறும் வசதியை 2025 ஜூலையில்தான் சான் பிரான்சிஸ்கோ உள்ளிட்ட மூன்று நகரங்களில் சோதனையாகத் தொடங்குவதாக அறிவித்தார்கள். நான் போனபோது அது இல்லை.

ஊர் திரும்பிப் பயணப்படிப் பட்டியல் கொடுத்தேன். "ரயில் வசதி உள்ள இடத்தில் சொகுசு வாகனம் ஏற்கத்தக்கதல்ல" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார்கள். நேரில் போனேன். கண்காணிப்பாளர் அன்பாகத்தான் பேசினார். "பகல்ல இறங்குற மாதிரி டிக்கெட் போட்டிருக்கலாமேம்மா." இருப்பதிலேயே குறைந்த கட்டண டிக்கெட்தான் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. குறைந்த கட்டண விமானம்தான் அந்த நேரத்தில் இறங்கியது. டிக்கெட்டில் மிச்சமானது நிறுவனத்துக்கு, இரவு எனக்கு. விமானம் இறங்கிய நேரம், கடைசி ரயிலின் நேரம், நிலையத்திலிருந்து விடுதிக்கு உள்ள தூரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மறுபடியும் கொடுத்தேன். பணம் இன்னும் வரவில்லை.

அடுத்த மாதம் எங்கள் துறையின் இளைய ஆசிரியை கோலாலம்பூர் போகிறாள். அங்கே விமான நிலையத்திலிருந்து நகரம் 50 கிலோமீட்டருக்கு மேல். அவளுக்கு வாய்த்த குறைந்த கட்டண விமானம் இறங்குவது இரவு ஒன்றேகாலுக்கு. இந்த முறை முன்கூட்டியே அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுத இருவரும் உட்கார்ந்தோம். "சொகுசு" என்று அவர்கள் எழுதப்போகும் இடத்தில் நாம் என்ன சொல்லைப் போடுவது என்பதிலேயே அரைமணி நேரம் போயிற்று. "அக்கா, வண்டின்னு மட்டும் போடலாமா?" என்றாள். போட்டிருக்கிறோம்.