தாய்லாந்தில் நீண்டகாலத் தங்கல் அனுமதி

ஓய்வுக்காலத்தைத் தாய்லாந்தில் கழிக்கும் 50 வயது நிரம்பிய வெளிநாட்டவர், ஆண்டுதோறும் தங்கல் அனுமதியை நீட்டித்துக்கொள்ள, உள்நாட்டு வங்கியில் 8 லட்சம் பாத் இருப்பையோ மாதம் 65,000 பாத் வருமானத்தையோ சான்றுடன் காட்ட வேண்டும் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் அவ்விருப்பு விண்ணப்பத்திற்கு 2 மாதம் முன்பிருந்தே கணக்கில் இருக்க வேண்டும், அனுமதி கிடைத்த பின்னும் 3 மாதம் குறையலாகாது, அதன்பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கலாகாது என்னும் விதிகள், முதியவர் ஒருவரின் அவசர மருத்துவச் செலவுக்குரிய பணத்தையே முடக்கிவிடுகின்றன என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை.

தொடர்ந்து 90 நாள் தங்கியவர் தம் முகவரியைக் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் வந்து தங்கியதை 24 மணி நேரத்துக்குள் அறிவிக்கும் பொறுப்போ, டி.எம்.30 என்னும் படிவத்தின் வழியாக, வீட்டு உரிமையாளரைச் சார்ந்தது. உரிமையாளர் தவறினாலும் விண்ணப்பம் தடைப்பட்டு அல்லற்படுபவர் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவரே என்பது, இம்முறையின் மிகக் கடுமையான அநீதி.

மறுநுழைவு அனுமதி, அதாவது வெளியே சென்று திரும்பினாலும் தங்கல் உரிமை அழியாமல் காக்கும் முத்திரை, இல்லாமல் புறப்படுபவரின் நீட்டிப்பு அப்போதே செல்லாததாகிவிடுவதால், உறவினரின் இறப்புச் செய்தி கேட்டு விரைபவர்கள் சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே அதனைப் பெறலாம் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.