கேரளான்னா மலையாளம்தானே?

எங்க ஊர் குன்னத்துகால். பாறசாலைக்குப் பக்கம், நெய்யாற்றின்கரை தாலுகா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலும் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. நாங்க கேரளாவுல நின்னுட்டோம். எங்க வீட்டுல தமிழ், கடைத்தெருவுல மலையாளம். அம்மை ரெண்டும் பேசுவா. வாசிக்கத் தெரிஞ்சது தமிழ் மட்டும்.

இதுக்கும் கன்ஸ்ட்ரக்டருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருக்கு.

இங்க டொராண்டோவுல எங்க டீம் ஒரு லைப்ரரி எழுதுது. நோயாளிங்களுக்கு மருந்து நேரத்தை ஞாபகப்படுத்தி குறுஞ்செய்தி அனுப்பும். முதல் வரைவுல கன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு மாநிலம், அப்புறம் ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ. மூணாவது ட்ரூ எதுக்குன்னு எழுதினவருக்கே மறந்து போச்சு!

இந்த வியாதிக்கு மருந்து பழசுதான். ஜாவாவுல பில்டர்; ஜோஷுவா பிளாக் 'எஃபெக்டிவ் ஜாவா' இரண்டாம் பதிப்புல (2008) விளக்கமா சொல்லியிருக்கார். பைத்தான் 3.0-ல (அதுவும் 2008) பேர் சொல்லித்தான் கொடுக்கணும்னு கட்டாயப்படுத்தலாம். ஜாவாஸ்கிரிப்டுல ஒரு ஆப்ஷன்ஸ் ஆப்ஜெக்ட். அதை மாத்திட்டோம்.

நிஜமான சண்டை மாநிலத்துல வந்துச்சு. மாநிலத்தை வச்சே மொழியை முடிவு பண்ணிடலாம்னு ஒரு நண்பர். "கேரளான்னா மலையாளம்தானே?" எங்க அம்மை கதையைச் சொன்னேன். சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயாங்கிறது வாசிக்க முடியாத எழுத்துல வந்தா என்ன பிரயோஜனம்?

ஜாவாஸ்கிரிப்டோட இன்டல் நம்பர்ஃபார்மட்டைப் பாருங்க. தமிழ்-இந்தியான்னா 12,34,567. அதே தமிழ், சிங்கப்பூர்னா 1,234,567. மொழி வேற, இடம் வேற. தமிழ் எண்கள்லயே வேணுமா, அதுக்குத் தனி ஆப்ஷன். ஒண்ணும் சொல்லலைன்னா அதுவே நியாயமா ஒண்ணை எடுத்துக்கும்.

கடைசியில நாங்க வச்ச விதிகள் மூணு:

ஒண்ணு, மாநிலத்தை வச்சு மொழியை ஊகிக்கலாம். ஆனா 'மொழி'ன்னு தனியா கொடுத்தா அதுதான் ஜெயிக்கணும்.

ரெண்டு, தெரியாத ஆப்ஷன் பேர் வந்தா உடனே எரர். ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டுல எழுத்துப்பிழை விட்டா யாரும் கேக்க மாட்டாங்க. 'மொழி'யைத் தப்பா டைப் பண்ணினா சத்தமில்லாம மலையாளம் போயிடும். நாமதான் சோதிக்கணும்.

மூணு, ஆப்ஷனை அள்ளி வீசக்கூடாது. ஆன்/ஆஃப் பத்து இருந்தா 1024 சேர்க்கை. யாரு டெஸ்ட் பண்றது? ஒருத்தர் நிஜமாவே கேட்டாத்தான் அடுத்தது.

வளைஞ்சு கொடுக்கிறதுன்னா எல்லாத்துக்கும் ஒரு பொத்தான் வைக்கிறது இல்லீங்க. ஒண்ணோட ஒண்ணு எப்பவும் சேர்ந்தே வரும்னு நாம நினைக்கிற ரெண்டு விஷயத்தைப் பிரிச்சு வைக்கிறது. அதை எல்லையோரத்து ஆளுங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.