வெள்ளைக் கோடு

எங்கள் வீட்டு மாருதி 800-ஐ ஏற்கெனவே சில பதிவுகளில் குறிப்பிட்டிருக்கிறேன். 1996 மாடல், கார்புரேட்டர் வண்டி. அந்த மாடலே 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. மகன் விற்றுவிடச் சொல்லிக்கொண்டே இருக்கிறான், நான் கேட்பதில்லை. போன சித்திரையில் இந்த வண்டி எனக்கு ஒரு பாடம் நடத்தியது. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். எழுதிவிடுவதே நல்லது.

டைமிங் பெல்ட் மாற்றிப் பல வருடம் ஆகியிருந்தது. ரப்பர் பெல்ட், ஓடாமல் நின்றாலும் வயதாகும். வீரபாண்டி பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு பையன் புதிதாக மெக்கானிக் கடை போட்டிருந்தான். அவனுக்குச் சொந்த ஊரும் வீரபாண்டிதான், ஆனால் தேனிக்குப் பக்கத்தில் கௌமாரியம்மன் கோயில் இருக்கிற வீரபாண்டி. "பேரு மாறாத ஊருக்கே வந்து சேந்துட்டேன்யா" என்று சிரிப்பான். வீட்டுக்கே வந்து மாற்றித் தருவதாகச் சொன்னான். கூலி எண்ணூறு ரூபாய். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போக வேண்டும், அதற்கு உதவும் என்றான்.

மத்தியானம் வந்தான். புல்லியைக் கழற்றி, கவரைக் கழற்றி, மேலே கேம்ஷாஃப்ட் சக்கரத்திலும் கீழே கிராங்க் சக்கரத்திலும் வெள்ளை பெயின்டால் ஒவ்வொரு கோடு போட்டான். பழைய பெல்ட்டை எடுத்த பிறகுதான் டென்ஷனர் பேரிங் இரைவது தெரிந்தது. "இதையும் மாத்திருவோம்யா" என்று பைக்கை எடுத்துக்கொண்டு திருப்பூர் டவுனுக்குப் போனான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். சக்கரங்களைச் சுற்றி வருடக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கு. பனியன் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் நிட்டிங் பிட்டராக இருந்தவன் கை சும்மா இருக்குமா? எங்கள் ஊரில் பனியன் வேஸ்டுக்கா பஞ்சம்? ஒரு பிடி வேஸ்டை எடுத்து, பெட்ரோலில் நனைத்து, பளபளவென்று துடைத்து வைத்தேன். துடைக்கும்போது மேல் சக்கரம் கொஞ்சம் திரும்பியது. அது எனக்கு ஒன்றாகவே தோன்றவில்லை.

பையன் திரும்பி வந்து குனிந்து பார்த்தான். "நான் போட்ட கோட்டக் காணமேய்யா?"

அந்த இடத்தில் "நான்தான் துடைச்சேன் தம்பி" என்று சொல்லியிருந்தால் இந்தப் பதிவே கிடையாது. "எண்ணெயில ஊறிப் போயிருக்கும்" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

இருட்டிக்கொண்டு வந்தது. கம்பெனியிலேயே குத்தியிருக்கும் புள்ளிகளை செல்போன் வெளிச்சத்தில் தேடிப் பிடித்து, பெல்ட்டை மாட்டி, எல்லாவற்றையும் மூடிச் சாவியைத் திருப்பினான். வழக்கமாக 'உர்... உர்...' என்று மூச்சு இழுத்து இழுத்துச் சுற்றும் இன்ஜின், அன்றைக்கு 'கிர்ர்ர்' என்று தடையே இல்லாமல் சுற்றியது. ஸ்டார்ட் ஆகவில்லை. நடுவில் ஒரு முறை கார்புரேட்டரில் 'டப்' என்று வெடித்தது. ஒன்பது மணிக்கு பேட்டரி படுத்துவிட்டது.

"நாளைக்கு வந்து பெல்ட்டத் திரும்பப் பிரிச்சுப் பாக்குறேன்யா" என்றான். நான் கோபத்தில் இருந்தேன். "தெரியாத வேலையில எதுக்குத் தம்பி கை வைக்கிற?" என்று சொல்லி, கூலியையும் கொடுக்காமல் அனுப்பினேன். மறுநாள் காலை பேக்கரியில் டீ குடிக்கும்போது நாலு பேர் காதில் விழும்படி, அவன் கடைக்கு வண்டியை விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்லி வைத்தேன்.

பேட்டரியை சார்ஜ் போட்டு எடுத்து வந்து நானே பார்க்க ஆரம்பித்தேன். ஸ்டார்ட் ஆகாத பெட்ரோல் இன்ஜினில் பார்க்க வேண்டியது நாலே சங்கதி: தீப்பொறி, பெட்ரோல், கம்ப்ரஷன், இவை வரும் நேரம்.

பிளக்கைக் கழற்றி பாடியில் வைத்து, வீட்டம்மாவைச் சாவி போடச் சொன்னேன். நீலப் பொறி வந்தது. பிளக் நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தது. பிளக் ஓட்டையில் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். தள்ள வேண்டிய காற்று தள்ளவில்லை, பேருக்கு ஊதியது. முதல் நாள் கேட்ட 'கிர்ர்ர்' சத்தத்துக்குக் காரணம் இதுதான். வால்வு மூட வேண்டிய நேரத்தில் திறந்திருந்தால் அழுத்தம் எங்கே நிற்கும்? காற்று அந்த வழியாகவே போய்விடும், இன்ஜினும் லேசாகச் சுற்றும்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். இந்த வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம்ஷாஃப்ட்தான். ஒன்றாம் பிளக் ஓட்டையில் நீளமான ஸ்க்ரூ டிரைவரை விட்டு, கிராங்க்கை ஸ்பானரால் மெதுவாகத் திருப்பி, பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் நிறுத்தினேன். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால் அந்த நேரத்தில் ரோட்டார் ஒன்றாம் வயரைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு நேர் எதிரே. இரண்டும் இல்லாமல் தள்ளி நின்றது. கேம் பல் தவறி நிற்கிறது.

ரோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இது என் தொழில். ரிப் மெஷினிலும் சிலிண்டர் உண்டு, கேம் உண்டு. மேலே டயல் ஊசி, கீழே சிலிண்டர் ஊசி. இரண்டும் எத்தனை ஊசி இடைவெளியில் தையலை இழுக்க வேண்டும் என்பதைத்தான் டயல் டைமிங் என்போம். ஊசி புதிது, நூல் நல்லது, மோட்டார் நல்லது, எல்லாமே சரியாக இருந்தும் டைமிங் தவறினால் துணியில் ஓட்டை விழும், ஊசிக் கொக்கி உடையும். பல் வைத்த இந்த பெல்ட்டே 1940களில் அமெரிக்காவில் சிங்கர் தையல் மெஷினுக்காக வந்ததுதான், ஊசியும் பாபினும் இசைந்து ஓட. பெருமளவில் தயாரான காருக்கு அது வந்தது 1962-ல், ஜெர்மனியின் கிளாஸ் 1004 வண்டியில். டயலைக் கழற்றும்முன் மார்க் போட்டு வைக்காத பிட்டரை நான் எத்தனை முறை திட்டியிருப்பேன்! இந்தப் பையன் மார்க் போட்டிருந்தான். அதை அழித்தது நான்.

டீ கூடக் குடிக்காமல் அவன் கடைக்கு நடந்தேன். ஒரே ஒரு மொபெட் நின்றிருந்தது. "தம்பி, அந்தக் கோட்ட நான்தான் பெட்ரோல் போட்டுத் துடைச்சேன். பயத்துல சொல்லலை" என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா கவனமா தேடியிருப்பேன்யா. எண்ணெயில போச்சுன்னதும், இருக்கிற புள்ளிய வச்சு மாட்டிட்டேன்" என்றான். அவ்வளவுதான். டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தோம். கீழ்ச் சக்கரத்தில் அவன் புள்ளி என்று நினைத்தது ஒரு பழைய கீறல். உண்மையான புள்ளி சில பல் தள்ளி, அழுக்குக்கு அடியில் இருந்தது. சுத்தம் செய்கிறேன் என்று போன நான் அந்த இடத்தைத் துடைக்கவே இல்லை! பெல்ட்டைச் சரியாக மாட்டி, சாவியைத் தொடாமல், ஸ்பானரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, புள்ளிகள் திரும்ப அதே இடத்துக்கு வருகின்றனவா என்று பார்த்தான். வந்தன. சில இன்ஜின்களில் டைமிங் தவறினால் பிஸ்டன் வால்வில் இடித்து வளைத்துவிடும். எங்களுக்கு அப்படி ஆகவில்லை, அது அதிர்ஷ்டம். இரண்டாவது முறை சாவி போட்டதும் வண்டி ஓடியது.

ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். எண்ணூறை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். "முதத்தடவ மாட்டுன பிறகும் இப்படிச் சுத்திப் பாத்திருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன்யா. எம்மேலயும் தப்பிருக்கு" என்றான்.

மறுநாள் காலை பேக்கரிக்குப் போய், அதே ஆட்களிடம் நடந்ததைச் சொன்னேன். கெட்டதைச் சொன்னபோது உன்னிப்பாகக் கேட்டவர்கள், இதைப் பாதியிலேயே விட்டு மழை வருமா என்று பேச ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவர் தன் வேனை அவனிடம் விடுவதாக இருந்தவர். அதற்குள் வேறு கடையில் விட்டுவிட்டார். அந்த வேலை அவனுக்குத் திரும்பி வரவில்லை.

பையன் திருவிழாவுக்குப் போய் வந்து கௌமாரியம்மன் குங்குமம் கொடுத்தான். என் வண்டி இப்போது அவனிடம்தான் போகிறது.

உங்கள் வீட்டு வாசலில் யாராவது பெல்ட் மாற்றினால், அவர் சாமான் வாங்கப் போன நேரத்தில் துணியோடு பக்கத்தில் போகாதீர்கள். போய்விட்டால், அவர் கேட்கும்போது சொல்லிவிடுங்கள்.